பாட்டின் கடைசி வரியில் போர் விமானம்: நொடிக் கணக்குப் போடுவது எப்படி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டங்களுக்கு முன்னால் நடக்கும் ஃபிளைபாஸ்ட் வீடியோக்களை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்டுத் தேசிய கீதத்தை ஒருவர் பாடி முடிக்கிறார். கடைசிச் சொல் அடங்குகிற நொடியில் நான்கு போர் விமானங்கள் கூட்டத்தின் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போகின்றன. விமானி விரட்டிக்கொண்டு வந்து சரியாகப் பிடித்துவிட்டார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது கழித்தல் கணக்கு. பாட்டு முடியப்போகும் நொடியை முதலில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த இடத்தை எப்போது விட்டுக் கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். அந்தக் கணக்கில் மைதானத்தில் ரேடியோவோடு நிற்பவரின் பங்கு விமானியின் பங்குக்குக் குறைந்ததல்ல.

தஞ்சாவூர்க்காரர்களுக்குப் போர் விமானச் சத்தம் புதிதில்லை. 2020 ஜனவரி 20 அன்று இந்திய விமானப்படையின் 222ஆம் ஸ்க்வாட்ரன் சுகோய்-30 எம்கேஐ விமானங்களோடு இங்கே நிலைகொண்டது. வயல் வரப்பில் நிற்பவரும் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்க்கிற ஊர் இது. டெல்டாவில் இயற்பியல் சொல்லித்தருகிறவர்களும் என்சிசி விமானப் பிரிவு மாணவர்களும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டு, பிறகு ஒரு சைக்கிளை வைத்துக் கல்லூரி வளாகத்திலேயே செய்து பார்க்கலாம். அதற்கான வழிமுறைதான் இது. விமானம் எதையும் வரவழைக்க வேண்டியதில்லை.

அடிப்படை எண்கள்

அமெரிக்காவில் மைதான ஃபிளைபாஸ்ட்டுக்கு வழக்கமான கீழ் எல்லை 1,000 அடி, அதாவது 305 மீட்டர். அங்குள்ள பொதுப் பறப்பு விதியே, நெரிசலான இடத்தின் மேல் பறக்கும்போது, 2,000 அடி ஆரத்துக்குள் இருக்கும் மிக உயரமான பொருளுக்கு மேல் 1,000 அடி இருக்க வேண்டும் என்கிறது. வேகத்துக்கு 350 நாட் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 648 கிலோமீட்டர், நொடிக்கு 180 மீட்டர். கணக்கு முழுக்க இந்த 180 என்ற எண்ணிலேயே ஓடும். மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தின் நீளம், இரு பக்க எண்ட் ஸோனையும் சேர்த்தால், ஏறக்குறைய 110 மீட்டர். விமானம் அதை 0.6 நொடியில் தாண்டிவிடும். ஐந்து நொடி பிசகினால் 900 மீட்டர் தள்ளிப் போய்விட்டது என்று பொருள். பாடகர் மைக்கை இறக்கி, கூட்டம் கைதட்டி ஓய்ந்த பிறகு விமானம் வந்தால் அது வேறு நிகழ்ச்சிபோல் ஆகிவிடுகிறது. அதனால்தான் இரண்டு நொடிக்குள் வர வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. அங்கே 30,000 பேருக்கு மேல் அமரக்கூடிய மைதானங்களில் முதல்நிலைக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் நடக்கும்போது, ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை, சுற்றிலும் 3 கடல் மைல் தூரத்துக்கு 3,000 அடி வரை வானம் மூடப்படுகிறது. ஃபிளைபாஸ்ட் விமானத்துக்கும் அதில் விலக்கு வாங்க வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவர் டிடி 2535 என்ற படிவத்தில் ராணுவத்திடம் விண்ணப்பிக்கிறார். விமானப் போக்குவரத்துத் துறையின் சம்மதம் தனி. செலவுக்கென்று புதிதாகப் பணம் ஒதுக்குவதில்லை. விமானிகளுக்கு ஏற்கெனவே உள்ள பயிற்சி மணிநேரத்தில் இது கழிகிறது. குறித்த இடத்துக்குக் குறித்த நொடியில் போய்ச் சேருவதுதான் அவர்களுடைய தொழிலும் என்பதால் பயிற்சி என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பின்னோக்கிக் கழிப்பது

ஒரு காகிதப் பயிற்சி. மைதானம் தஞ்சாவூரில் இருக்கிறது, விமானங்கள் கும்பகோணம் பக்கத்திலிருந்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர்கள் தூரம் புரிவதற்காக மட்டுமே. அமெரிக்க கீதத்தைத் தனியாகப் பாடுகிறவர் 110 நொடி எடுத்துக்கொள்கிறார் என்றும் வைப்போம். பாட்டு முடியும் நொடியைப் பூஜ்யம் என்று எழுதுங்கள்.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் நேர்கோட்டில் சுமார் 34 கிலோமீட்டர். 34,000-ஐ 180-ஆல் வகுத்தால் 189 நொடி. பாட்டே 110 நொடிதான். ஆக, விமானங்கள் கும்பகோணத்தைத் தாண்டும்போது பாடகர் வாயே திறந்திருக்க மாட்டார். தொடங்க இன்னும் 79 நொடி இருக்கும். அந்த இடைவெளியில் அறிவிப்பாளர் கூடுதலாக நாலு வாக்கியம் பேசினால் எல்லாம் கெட்டது.

பாபநாசம் சுமார் 22 கிலோமீட்டர், 122 நொடி. இப்போதும் பாட்டு தொடங்க 12 நொடி முன்னதாகவே கிளம்பியாக வேண்டும். அய்யம்பேட்டை சுமார் 14 கிலோமீட்டர், 78 நொடி. அங்கே வந்தால்தான் கணக்கு நம் பக்கம் திரும்புகிறது: பாட்டு தொடங்கி 32 நொடி ஆன பிறகு கிளம்பினால் போதும். பாடகர் தொடங்கிவிட்டார், எந்த வேகத்தில் பாடுகிறார் என்பதும் காதில் விழுந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் விமானம் ஓட்டத்தைத் தொடங்குகிறது.

அப்படியானால் இன்னும் பக்கத்தில், 5 கிலோமீட்டரில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கு 28 நொடிதான். அதற்குள் நான்கு விமானங்களும் அணிவகுத்து, மைதானத்தைக் கண்ணால் பிடித்து, நேராகி வர வேண்டும். பிசகைச் சரிசெய்ய நேரம் இருக்காது. தூரம் கூடினால் பாடகரை நம்ப வேண்டியிருக்கிறது, குறைந்தால் திருத்த இடமில்லை. பாட்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரத்துக்குள் கடக்கக்கூடிய தூரத்தில் புறப்பாட்டுப் புள்ளியை வைப்பது நல்லது. நமது ஜன கண மன 52 நொடி. அதற்கு இதே வேகத்தில் கணக்குப் போட்டால் புள்ளி 6 கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிடும். குறுகிய பாட்டுக்கு நேரம் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது.

காத்திருப்பது

திருவாரூர் ஆழித்தேருக்கு முட்டுக்கட்டை போட்டு நிறுத்தலாம். போர் விமானத்துக்கு அந்த வசதி இல்லை. காத்திருக்க வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புறப்பாட்டுப் புள்ளிக்குப் பின்னால், ஓடுகளம் மாதிரி இரண்டு நேர்கோடும் இரண்டு அரைவட்டமுமாக ஒரு பாதை. இதற்கு ஹோல்டிங் என்று பெயர்.

நொடிக்கு 3 பாகை திரும்பினால் அரைவட்டத்துக்கு ஒரு நிமிடம். நேர்கோட்டுக்கும் ஒரு நிமிடம் வைத்தால் முழுச் சுற்று 4 நிமிடம். ஆனால் 350 நாட் வேகத்தில் அப்படித் திரும்ப விமானம் ஏறக்குறைய 44 பாகை சாய வேண்டும். நான்கு விமானம் ஒட்டிக்கொண்டு போகும்போது மெதுவாகத் திரும்புவதே நல்லது. 30 பாகைச் சாய்வு என்றால் அரைவட்டத்துக்கு 100 நொடி ஆகும், வளைவின் ஆரம் 5.7 கிலோமீட்டர். முழுச் சுற்று 5 நிமிடம் 20 நொடி.

இங்கேதான் பெரிய பிசகுகள் நடக்கின்றன. பாட்டு தொடங்கும்போது விமானம் சுற்றின் மறுகோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தால், திரும்பி வருவதற்குள் பாட்டு முடிந்துவிடும். ஆகவே சும்மா சுற்றக் கூடாது. அட்டவணைப்படி பாட்டு எப்போது தொடங்கும் என்று எழுதிக்கொண்டு, அந்த நேரத்துக்குப் புள்ளியை நோக்கி வருகிற மாதிரி ஒவ்வொரு சுற்றையும் அமைக்க வேண்டும். நிகழ்ச்சி 30 நொடி தள்ளிப்போகிறது என்று தெரிந்தால், விலகிப் போகும் கோட்டை 15 நொடி நீட்டினால் போதும். திரும்பி வரும் கோடும் 15 நொடி நீளும். புள்ளியை விட்டுக் கிளம்பிய பிறகு இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

தரையில் நிற்பவர்

மைதானத்தில் ஒருவர், பெரும்பாலும் ஊடகக் கூடத்தின் மாடியில், ரேடியோவோடு நிற்பார். அவருக்குக் கண்ணும் காதும் தடையின்றி இருக்க வேண்டும். பாடகர் தெரிய வேண்டும், விமானம் வரும் திசையும் தெரிய வேண்டும். அவர் செய்ய வேண்டியவை:

ஒத்திகையைப் பதிவு செய்து, ஒவ்வொரு வரியும் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது நொடியில் வருகிறது என்று சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒத்திகையை மூன்று முறையாவது கேட்க வேண்டும். தனியாகப் பாடுகிறவர் ஆட்ட நாளில் கூட்டத்தைப் பார்த்ததும் இழுப்பார். முக்கியமாகக் கடைசி வரிக்கு முந்தைய உச்சத்தில். 110 நொடிப் பாட்டு 120 ஆவது சாதாரணம். கல்லூரி பேண்டு வாசித்தால், நடத்துநர் கையில் தாளம் இருப்பதால் பிசகு குறைவு. தேர்வு உங்கள் கையில் இருந்தால் பேண்டையே கேளுங்கள்.

கடிகாரங்கள் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். விமானத்தில் ஜிபிஎஸ் நேரம். தரையில் இருப்பவர் தன் கடிகாரத்தையும் அதற்கே ஒத்து வைக்க வேண்டும். தொலைக்காட்சி நேரலையையோ மொபைலில் ஓடும் ஒளிபரப்பையோ பார்த்து நேரம் சொல்லவே கூடாது. அது பல நொடி பின்தங்கி வரும், எவ்வளவு பின்தங்கும் என்பதும் நிலையாக இருக்காது.

ரேடியோவில் சொல்வது சுருக்கமாக இருக்க வேண்டும்: “பாட்டு தொடங்கியது”, “இரண்டாம் பகுதி, பாட்டு 4 நொடி தாமதம்”, “கடைசி வரி”. விளக்கம் எதுவும் வேண்டாம். விமானி கேட்க வேண்டியது ஒரு எண் மட்டும்.

பிசகைத் திருத்துவது

எளிய விதி ஒன்று இருக்கிறது. வேகத்தை 10 சதவீதம் மாற்றினால், பறக்கும் ஒவ்வொரு 10 நொடிக்கும் 1 நொடி மாறும். விமானம் 4 நொடி தாமதம் என்றால் 350-ஐ 385 நாட் ஆக்கி 40 நொடி பறந்து, பிறகு பழைய வேகத்துக்கு வரவேண்டும். முன்னதாக வந்துவிட்டால் 315 நாட்டில் அதே கணக்கு.

இதிலிருந்து ஒரு எல்லை தெரிகிறது. கடைசி 5 கிலோமீட்டரில் 28 நொடிதான் இருப்பதால், அதிகம் போனால் 3 நொடியை மீட்கலாம். அதற்கு மேல் பிசகு இருந்தால் விட்டுவிட வேண்டும். நேராக, உயரம் மாறாமல் வந்து போவதே மரியாதை. கடைசி நேரத்தில் நான்கு விமானமும் த்ராட்டிலை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) முன்னும் பின்னும் தள்ளினால் அணி கலைந்து, பார்ப்பவர்களுக்கு அதுதான் கண்ணில் உறுத்தும்.

காற்று இன்னொரு எதிரி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று டெல்டாவில் பிற்பகலில் பலமாக வீசும். நம் காகிதப் பயிற்சியில் கும்பகோணத்திலிருந்து தஞ்சை நோக்கி வருவதால் அது எதிர்க்காற்று. 20 நாட் எதிர்த்தால் அய்யம்பேட்டையிலிருந்து வரும் 78 நொடி, 82 நொடிக்கு மேலாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளும்; 4 நொடி முன்னதாக வந்துவிடும். எனவே கணக்குக்கு எப்போதும் தரைவேகத்தையே எடுக்க வேண்டும். காற்றைச் சார்ந்த வேகமானி காட்டும் எண் இதற்கு உதவாது. ஹோல்டிங்கில் சுற்றும்போதும் பாதை முழுவதையும் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

தாழ வந்தால் நல்லதா?

இல்லை. பலருக்கு இது நம்பக் கடினமாக இருக்கிறது, எண்களைப் பாருங்கள். உங்கள் கண் மட்டத்துக்கு மேல் 15 மீட்டர் உயரமான பார்வையாளர் மாடம், 60 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் விளிம்புக்கு மேல்தான் விமானம் முதலில் தெரியும். 305 மீட்டர் உயரத்தில் வந்தால் 1,220 மீட்டர் தூரத்திலேயே தெரிந்துவிடும். தலைக்கு மேல் வர 6.8 நொடி இருக்கும். 300 அடியில், அதாவது 91 மீட்டரில் வந்தால் 364 மீட்டரில்தான் தெரியும். 2 நொடி. கழுத்தைத் திருப்புவதற்குள் போய்விடும். நம் ஊரில் மாடத்துக்குப் பதில் தென்னை. கண்ணுக்கு மேல் 18 மீட்டர் உயரமான தென்னை 40 மீட்டர் தள்ளி நின்றால், 305 மீட்டரில் வரும் விமானமே 3.8 நொடிதான் தெரியும். தோப்பு ஓரத்தில் நின்று பார்ப்பவருக்கு உயரம்தான் நண்பன்.

ஆபத்து தனிக் கதை. 2010 நவம்பர் 20 அன்று அயோவா பல்கலைக்கழகத்தின் கின்னிக் மைதானத்தின் மேல் நான்கு டி-38 பயிற்சி விமானங்கள், விதித்த 1,000 அடிக்கு மிகக் கீழே பறந்தன. கூட்டம் ஆரவாரம் செய்தது. விமானப்படை விசாரணை நடத்தியது. அங்கே இருந்தவர்கள் எழுபதாயிரம் பேர் அளவில். ஒரு பறவை இன்ஜினுக்குள் புகுந்திருந்தால் விமானிக்கு யோசிக்க நேரமே இருந்திருக்காது. நம் டெல்டாவில் இது இன்னும் பெரிய விஷயம்: அறுவடை முடிந்த வயல்களில் கொக்கும் நாரையும் கூட்டமாக இறங்கும், வடுவூர் ஏரிக்கும் கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும், பருந்துகள் வெப்பக்காற்றில் வட்டமிடும். பறவைகள் நடமாட்டம் தரையை ஒட்டிய அடுக்கில்தான் மிகுதி.

மேகமும் கணக்கில் சேரும். 1,000 அடியில் பறக்க மேகத்தின் அடி அதைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். மார்கழிக் காலைப் பனியிலும் போகிப் புகையிலும் 5 கிலோமீட்டர் தெரியாது. தெரியாவிட்டால் வரக் கூடாது. அப்புறம் கூரை. 2011 பிப்ரவரி 6 அன்று டெக்சாஸின் அர்லிங்டனில் நடந்த சூப்பர் பௌல் என்ற தொழில்முறை ஃபுட்பால் இறுதி ஆட்டத்தில் கடற்படை விமானங்கள் குறித்த நேரத்தில் பறந்தபோது மைதானத்தின் கூரை மூடியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் திரையில்தான் பார்த்தார்கள். அது கல்லூரி ஆட்டம் இல்லை என்றாலும், சரிபார்ப்புப் பட்டியலில் “கூரை திறந்திருக்கிறதா” என்று ஒரு வரி எழுதிக்கொள்வதில் தவறில்லை.

சத்தம் எப்போது வரும்

35 டிகிரி செல்சியஸ் வெயிலில் ஒலி நொடிக்கு 352 மீட்டர் போகிறது. 305 மீட்டர் மேலே இருக்கும் விமானத்தின் சத்தம் கீழே வர 0.87 நொடி. அதற்குள் விமானம் இன்னும் 157 மீட்டர் முன்னால் போயிருக்கும். அது மட்டுமில்லை. ஜெட் புகைபோக்கியின் உறுமல், பின்பக்கம் சாய்ந்த கோணத்தில்தான் அதிகமாகப் பரவும். அதனால் மிகப் பெரிய சத்தம் விமானம் தலையைத் தாண்டி 3 நொடி அளவில்தான் காதை அடைகிறது. நேரம் குறிப்பவர்களுக்கு இது வசதி: கடைசி அசையின் முடிவில் விமானம் தலைக்கு மேல் வரும்படி வைத்தால், உறுமல் பாடகரை மூழ்கடிக்காது. சத்தத்தைக் கடைசி வரியோடு ஒட்ட வைக்க நினைத்து 3 நொடி முன்னதாக வரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டு கேட்காமல் போகும், செய்யாதீர்கள்.

சைக்கிளில் செய்து பார்ப்பது

இனி வளாகத்துக்கு வருவோம். தேவையானவை: 300 மீட்டர் நேர்ப்பாதை (கிடைக்காவிட்டால் 400 மீட்டர் ஓடுகளத்தில் 300 மீட்டர்), 30 மீட்டர் டேப், கோடு போட 5 கிலோ சுண்ணாம்புப் பொடி, கொடி ஐந்து, பிளாஸ்டிக் ஸ்டூல் இரண்டு, விசில், வேகம் காட்டும் செயலி உள்ள மொபைலைக் கைப்பிடியில் கட்டிய சைக்கிள், நோட்டு. ஆள் நான்கு பேர்: ஓட்டுபவர், தரைக்காரர், நேரம் குறிப்பவர், வாசிப்பவர். கல்லணைக் கால்வாய்க் கரைச் சாலை நேராக இருக்கிறதே என்று அங்கே போக வேண்டாம். ஓட்டுபவரின் கவனம் முழுக்க வேகமானியில் இருக்கும். காலை ஆறரை மணி நல்ல நேரம். மார்கழியில் மட்டும் கோயில் ஒலிபெருக்கிக்கு முன்னால் விசில் எடுபடாது, கொடி அசைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டுக்கு ஜன கண மனவையோ தமிழ்த்தாய் வாழ்த்தையோ எடுக்கக் கூடாது. இரண்டுக்கும் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், திரும்பத் திரும்பப் பயிற்சிக்கு வாசிக்கும் பொருள் அல்ல. முதல் கட்டத்துக்குக் கல்லூரி பேண்டின் பதிவு ஏதாவது, 110 நொடிக்கு வெட்டியது. இரண்டாம் கட்டத்துக்கு நாதஸ்வரத்தில் மல்லாரி. நம் பக்கத்தில் வாசிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், நொடிக்கு 5 மீட்டர். முதலில் ஓட்டுபவர் 100 மீட்டரை 20 நொடியில் கடக்கப் பழக வேண்டும். தொடர்ந்து ஐந்து முறை 19 முதல் 21 நொடிக்குள் வரும் வரை மற்றதைத் தொடாதீர்கள். வேகம் கையில் நிற்காவிட்டால் மேலே போடும் கணக்கெல்லாம் வீண்.

முடிவுக் கோட்டிலிருந்து 50, 100, 200, 300 மீட்டரில் கொடி நடுங்கள். 300 மீட்டர்தான் புறப்பாட்டுப் புள்ளி. கடக்க 60 நொடி. ஆக, பாட்டின் 50ஆவது நொடியில் சைக்கிள் அந்தக் கொடியைத் தாண்ட வேண்டும். அதற்குப் பின்னால் இரண்டு ஸ்டூலை 35 மீட்டர் இடைவெளியில் வைத்து, 5 மீட்டர் ஆரத்தில் வளைந்து சுற்றினால் ஒரு சுற்று சுமார் 100 மீட்டர், 20 நொடி. இதுதான் ஹோல்டிங்.

50 நொடி என்பது இரண்டரைச் சுற்று. எனவே பாட்டு தொடங்கும் நொடியில் சைக்கிள் கொடிக்கு எதிர்க்கோடியில் இருந்தால் சுற்றை மாற்றாமலே சரியாக வரும். கொடிப் பக்கத்திலேயே இருந்தால் 10 நொடி முன்னதாக வந்துவிடும். ஒரு சுற்றில் எதிர் ஸ்டூலைத் தாண்டி 25 மீட்டர் கூடப் போய்த் திரும்பினால் அந்த 10 நொடி கழியும். “இப்போது கிளம்பு” என்று தரைக்காரர் கத்தும்போது சைக்கிள் தப்பான பக்கம் பார்த்து நின்றால் பயனில்லை. அதனால் அவர் சொல்ல வேண்டியது “50-க்கு இன்னும் 30”, “இன்னும் 10” என்ற இறங்குமுக எண். மொபைல் அழைப்பில் சொன்னால் குரல் அரை நொடி வரை தாமதிக்கலாம். அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

200 மீட்டர் கொடியைத் தாண்டும்போது பாட்டு 70, 100 மீட்டரில் 90. நேரம் குறிப்பவர் வித்தியாசத்தைச் சொல்வார். 200-இல் 3 நொடி தாமதம் என்றால் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏற்றி 30 நொடி ஓட்ட வேண்டும், பிறகு 18. 100-இல் 2 நொடிக்கு மேல் பிசகு இருந்தால் திருத்தாமல் வரவிடுங்கள். மிதிக்க மிதிக்கத் தப்பு கூடும்.

பதிவோடு இரண்டு நொடிக்குள் வரப் பழகிய பிறகு மல்லாரிக்குப் போங்கள். வாசிப்பவரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: விருப்பப்படி இழுக்கலாம், முடிவில் மட்டும் தவில்காரர் மூன்று முறை அடிக்கும் தீர்மானத்தை (முடிப்புத் தாளக்கோவையை) மாற்றக் கூடாது. அந்தத் தீர்மானம் தொடங்கி முடிய எத்தனை நொடி என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். 15 நொடி என்றால் 75 மீட்டரில் ஒரு சிவப்புக் கொடி. தீர்மானம் தொடங்கும்போது சைக்கிள் அந்தக் கொடியில் இருக்க வேண்டும். தாண்டியிருந்தால் காலைத் தளர்த்தலாம், பின்னால் இருந்தால் அழுத்தலாம். அமெரிக்க மைதானத்தில் நிற்பவர் கடைசி இரண்டு வரிகளுக்குக் காது கொடுத்துக் காத்திருப்பதும் இதற்குத்தான். பாட்டை அறியாத ஒருவரைத் தரைக்காரராக நிறுத்தினால் இந்தக் கட்டத்தில் அம்பலமாகிவிடும். எங்கள் கருத்தில் அந்த வேலைக்குச் சங்கீதம் கேட்டுப் பழகிய மாணவரே சரி, ஓட்டப்பந்தய வீரரை விட.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிசகை எழுதுங்கள். தாமதத்துக்குக் கூட்டல், முன்னதாக வந்ததற்குக் கழித்தல். எல்லாமே ஒரே குறியோடு இருந்தால் தூரத்தை அளந்ததிலோ செயலி காட்டும் வேகத்திலோ தவறு. டேப்பை மறுபடி பிடியுங்கள். குறி மாறி மாறி வந்தால் தவறு ஹோல்டிங்கிலோ கூப்பிடுவதிலோ இருக்கிறது. காற்று வீசும் நாளில் எதிர்த்திசையிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

சத்தம் வரும் திசையில் தேடாதீர்கள். விமானம் அதற்கு ஏறக்குறைய 27 பாகை முன்னால் இருக்கும். வரும் திசையைக் கேட்டு வைத்துக்கொண்டு, மரமோ கட்டடமோ மறைக்காத பக்கத்தில், வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். கேமராவில் ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகம், தொடர் ஃபோகஸ், 200 மில்லிமீட்டருக்கு மேல் லென்ஸ். சுகோய்-30 கிட்டத்தட்ட 22 மீட்டர் நீளம். 305 மீட்டர் உயரத்தில் மொபைலின் சாதாரண லென்ஸில் அது படத்தின் அகலத்தில் 5, 6 சதவீதம்தான் வரும். எனவே மொபைலில் வானத்தை மட்டும் துரத்தாமல் கூட்டத்தையும் சேர்த்து எடுங்கள், வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு.

கைக்குழந்தைகளுக்குக் காதுமூடி கட்டாயம். தண்ணீர், தொப்பி, திரும்பிப் போகும் வழி, இந்த மூன்றையும் முதலிலேயே யோசியுங்கள். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சி நாளில் வெயிலிலும் நெரிசலிலும் உயிர்கள் போயின. நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து கிளம்பாமல் நிழலில் அரைமணி உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

விமானங்கள் பறக்கும் நேரத்தில் டிரோனை வெளியே எடுக்கவே கூடாது. அதே 300 மீட்டருக்குள்தான் அதுவும் பறக்கிறது. விமானப்படைத் தளத்தின் மதில், ஓடுபாதை, நிறுத்திவைத்த விமானங்கள் எதையும் படம் எடுக்காதீர்கள், இடம் குறித்துப் பகிராதீர்கள். வானத்தில் பொதுமக்களுக்காகப் பறப்பதை எடுத்துக்கொள்ளலாம், தரையில் இருப்பது பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது.